வந்த வழியால் திரும்பாதவர்

அத்தான் போன வழியால் திரும்பி வரமாட்டார். அவரைப் பற்றி வேறு எதைச் சொல்ல வெளிக்கிட்டாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டு தெரு தள்ளியிருந்த தெப்பானர் என்கிற மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனாலும் ஒரு தெருவால் போய் இன்னொரு தெருவால்தான் வருவார். நடுவில் பூங்கா இருந்தால் பூங்காவைச் சுற்றி, பள்ளிக்கூடம் இருந்தால் பள்ளிக்கூடத்தைச் சுற்றி. தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்துவிட்டு என் அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"இந்த மனுசன் வாங்கிற பால் வீட்டை வந்து சேரேக்கை தயிராயிடும்," என்பாள்.

அது அவருக்குக் கேட்கும். சப்பாத்தைக் கழற்றியபடியே சிரிப்பார். "வீதி சுத்திற ஆள் பாதியிலை திரும்புறதோ?" என்று கேட்பார். கோயிலைச் சுற்றியிருக்கும் வீதியை வலம் வருவதைத்தான் நாங்கள் வீதி சுற்றுவது என்போம். தொடங்கிய வாசலில் வந்து முடிக்க வேண்டும். பாதியில் திரும்பினால் கும்பிட்டதாகக் கணக்கில்லை. அத்தான் ஒன்றும் பெரிய பக்திமான் கிடையாது. கோயிலுக்குப் போனாலும் அன்னதானத்துக்குத்தான் முதலில் இடம் பிடிப்பார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பால் கடையும் கோயிலும் அவருக்கு ஒன்றுதான்.

இந்தப் பழக்கம் யாழ்ப்பாணத்தில் பிடித்ததல்ல. ஹொலண்டில் பிடித்தது.

கனடாவுக்கு வருவதற்கு முதல் அவர் ஹொலண்டில் ஒரு சின்ன ஊரின் ஓரத்தில், அகதிகள் முகாமில் சில வருடம் இருந்தார். அக்கா அப்போது யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தையோடு பங்கருக்குள்ளும் வெளியிலுமாக இருந்தாள். அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது அத்தானின் தொண்டையில் மீன்முள் சிக்கியது போல ஒரு சத்தம் வரும். நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன், எனக்கு இருமல்தான் வந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. பாஷை தெரியாது. பின்னேரச் சாப்பாடு முடிந்ததும் ஊர்ச்சனம் எல்லாம் கதவைச் சாத்திவிட்டு வெளியில் வந்து நடப்பதை முகாம் ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் இவரும் இறங்கிவிட்டார்.

"ஒரு அலுவலும் இல்லைப் பிள்ளை," என்று என்னிடம் சொல்வார். "சும்மா ஊரைச் சுத்தி வயலுக்கால ஒரு சுத்து, பேந்து வீட்டை. அதுக்கெண்டு ஒரு பேரும் வைச்சிருக்கிறாங்கள். சும்மா நடக்கிறதுக்குப் பேர் வைச்ச சனத்தை நீ எங்கை கண்டனீ?"

அவர்கள் எல்லோரும் ஊரை இடது கைப்பக்கமாக வைத்துக்கொண்டு சுற்றுவார்களாம். இவர் விடுவாரா? கோயில் வீதி சுற்றிப் பழகிய கால். ஊரை வலது கைப்பக்கம் வைத்துத்தான் நடந்தார். அதனால் தினமும் முழு ஊரும் இவருக்கு எதிரே வந்தது. எல்லோரும் கையைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள்.

"அந்த ஊரிலை எல்லாற்றை முகமும் எனக்குத் தெரியும். ஒருத்தற்றை முதுகும் தெரியாது," என்பார்.

அக்காவுக்கு இந்தக் கதை கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. "நான் ஊரிலை குண்டுக்குள்ளை கிடக்க இவர் அங்கை உலாத்தினவராம்," என்பாள். சில நாளைக்கு, "ஆரோ ஒருத்தியும் சேர்ந்து நடந்திருப்பாள், நீ பார்," என்று எனக்குக் கண்ணைக் காட்டுவாள். அத்தான் காதில் விழாதது போல, அந்தச் சுற்றை மனதுக்குள் நடந்தபடி சொல்லிக்கொண்டு போவார். முதலில் செங்கல் பாவிய தெரு. தேவாலயக் கோபுரம். பிறகு ஊர் முடிந்து ஒரு படலை. அதைத் திறந்தால் பின்னால் கட்டாயம் சாத்த வேண்டும், செம்மறிகள் வெளியில் வந்துவிடும். பிறகு அணைக்கட்டு. பிறகு ஆறு. தோணியில் ஏறி அங்கால் இறங்கினால் மொட்டை வெட்டின மரங்கள் வரிசையாக நிற்கும். அப்படியே சுற்றி, பாலத்தால் ஊருக்குள். ஒழுங்கு மாறாது. தோணியை மட்டும் எப்போதும் ஒரு சொல்லில் தாண்டிவிடுவார். நாங்களும் கேட்டதில்லை.

மொன்றியலில் எங்கள் இரண்டு வீடும் முதலில் சென்ட் லோரன்டில் பக்கத்துப் பக்கத்து அப்பார்ட்மெண்டில் இருந்தன. நான் மருந்துத் தொழிற்சாலையில் குளிசை அடைக்கும் பிரிவில். அவர் அதே தெருவில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓடினார். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். பின்னேரம் அந்தப் பஸ்ஸில் அவரைக் காண முடியாது. வேறொரு பஸ்ஸில் ஏறி, மெத்ரோவுக்குப் போய், எங்கேயோ சுற்றி, எனக்கு அரை மணித்தியாலம் பிந்தி வருவார். மாரிகாலத்திலும் அப்படித்தான். மூக்குச் சிவந்து, மீசையில் பனி ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார். எனக்குப் பார்க்கவே எரிச்சல் வரும்.

"அத்தான், உங்களுக்கு விசரோ?" என்று ஒருநாள் நேரே கேட்டேன்.

"இருக்கலாம்," என்றார். "நீ சோறு போட்டனியோ?"

அது விளையாட்டில்லை என்று எனக்குப் பட்டது அக்காவுக்குப் பித்தப்பை ஒப்பரேஷன் செய்த சமயத்தில். ஆற்றுக்கு அங்கால் லவாலில் ஆஸ்பத்திரி. வீட்டுக்குக் கூட்டிவர நான்தான் கார் ஓடினேன். அக்கா பின் இருக்கையில் வயிற்றில் தலையணையைப் பிடித்துக்கொண்டு சரிந்து கிடந்தாள். ஒவ்வொரு குழிக்கும் முனகினாள். பாலத்துக்கு இறங்கும் இடத்தில் அத்தான் என் பக்கம் திரும்பி, "பிள்ளை, வந்த பாலம் வேண்டாம். மற்றப் பாலத்தாலை போவம்," என்றார்.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ அத்தான்."

அதே பாலத்தால்தான் ஓடினேன். அவர் முழங்கால்களில் கையை வைத்துக்கொண்டு முன்னுக்கே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் நிறுத்தி, அக்காவைத் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். பிறகு பார்த்தால் ஆளைக் காணவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தை வலமாக வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார், விட்ட மிச்சத்தைக் கட்டுகிறவர் மாதிரி. சுற்றி முடித்துவிட்டு வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. எனக்கு ஏசவும் மனம் வரவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

அக்காவின் மகன் படித்து உத்தியோகமாகி இல்-பிசாரில் வீடு வாங்கினான். அக்காவும் அத்தானும் அங்கே போய்விட்டார்கள். பஸ் எப்போதாவது வரும் தீவு. அக்கா முதல் மாசம் முழுக்க, "இதென்ன காடு," என்று எனக்குப் போனில் அழுதாள். அத்தானுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயிருந்து கோடைகாலத்தில் ஆற்றைக் கடந்து லவாலுக்குப் படகு ஓடும். கம்பியில் பிடித்து இழுபட்டுப் போகிற தட்டைப் படகு, சில கார்கள் ஏற்றலாம். வீட்டிலிருந்து நடந்து படகுத்துறை, படகில் லவால், அங்கேயிருந்து பஸ், பிறகு மெத்ரோவில் ஆற்றுக்கு அடியால் மொன்றியல், திரும்ப பஸ்ஸில் இல்-பிசார். அரை நாள் பிடிக்கும். ஆனால் சுற்று முழுமை. வந்த வழி ஓரிடத்திலும் திரும்ப வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். "மச்சாள், வா, உலகத்தைச் சுத்தி வருவம்," என்பார். படகுத்துறையில் படகு அந்தக் கரையில் நிற்கும். நான் பொறுமை இல்லாமல் மணிக்கூட்டைப் பார்ப்பேன். அவர் கையை உயர்த்தி ஒருதரம் ஆட்டிவிட்டு, கொங்கிறீட் கட்டையில் வசதியாக இருந்துகொள்வார்.

"அவன் கண்டிருப்பான். வருவான்."

"காணாட்டில்?"

"ஆள் நிக்கேக்கை வராமல் என்ன செய்யிறது?"

படகு வரத்தான் செய்தது. அட்டவணைப்படி வந்தது. இவர் கையை ஆட்டியதால் வந்ததாகவே அவருக்கு எண்ணம்.

கடைசி வருடம் அவரிடம் ஏதோ மாறியது. பஸ் சாரதிக்கு வழக்கமாக மெர்சி சொல்லுகிறவர், ஹொலண்ட் பாஷையில் நன்றி சொல்லத் தொடங்கினார். சாரதிகள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக் கேற்றைத் திறந்தால் பூட்டிப் பூட்டிப் பார்ப்பார். "செம்மறி வெளியிலை வந்திடும்," என்று ஒருநாள் சொன்னாராம். அக்கா அதைப் பகிடியென்று எடுத்துக்கொண்டாள். மகன் டொக்டரிடம் நாள் எடுத்திருந்தான். நாள் வருவதற்கு முதல் நவம்பர் வந்துவிட்டது.

பேரப்பிள்ளையை கார்தெரி என்கிற பிள்ளைக் காப்பகத்திலிருந்து கூட்டி வருவது அத்தானின் வேலை. பின்னேரம் அலுவல் முடித்து வரும் தாய் தகப்பனுக்கு அது பெரிய உதவி. அன்றைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சுற்றால் வந்திருக்கிறார். தூறல் மழையில் பிள்ளையின் கையுறை நனைந்து விரல்கள் விறைத்துப் போயிருந்தன. வீட்டுச் சூட்டில் விரல் திரும்ப உயிர்க்கும்போது பிள்ளை வீடு அதிரக் கத்தியது. இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், விறைத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. சூடு ஏறும்போதுதான் நோகும். மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிள்ளையோடு மேலே போய்விட்டாள். அக்காவுக்கு அவமானமாகிவிட்டது. இரவு முழுக்க அடக்கி வைத்திருந்ததை அடுத்த நாள் மத்தியானம் வீட்டில் தனியாக இருந்தபோது கொட்டிவிட்டாள்.

"உந்தச் சுத்தோடை எங்கையாவது போங்கோ. திரும்பி வராதேங்கோ."

அத்தான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினார். இலையுதிர்காலத்து மெல்லிய ஜாக்கெட்தான் போட்டிருந்தார். அக்கா கூப்பிட்டுத் தடித்த ஜாக்கெட்டைக் கொடுக்கவில்லை. கோபம்.

அவர் பிந்தி வருவது எங்களுக்குப் பழகிப்போனதால் ஒருவரும் தேடவில்லை. இதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. ஒரே வழியால் போய் வரும் ஆளாக இருந்திருந்தால் ஒரு மணித்தியாலத்தில் அக்கா பதறியிருப்பாள். இருட்டும் நேரம் நாயோடு நடந்து போன ஒருவர்தான் படகுத்துறையில் அவரைக் கண்டார். குளிருக்குப் படகு நிறுத்தப்பட்டு, துறைக்குக் குறுக்கே இரும்புத் தடுப்புப் போட்டு, அறிவித்தலும் தொங்கியது. கொங்கிறீட் கட்டையில் ஆற்றைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். இதயம் நின்றுவிட்டது, குளிரும் வயதும் சேர்ந்து, என்றார்கள். வலது கைக்குள் ஒரு கல் இருந்தது. விரலை விரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்ததாம்.

துறைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கிபெக் கிழவி இருக்கிறாள். அவள் என் பெறாமகனின், அத்தானின் மகனின், கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்னேரம் இரும்பில் யாரோ தட்டும் சத்தம் கேட்டதாம். கொஞ்சம் தட்டி, நிறுத்தி, பிறகும் தட்டி. தடுப்பைத் திருத்த ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவள் திரைச்சீலையை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை.

செத்த வீட்டில் நான் அழவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது எனக்கு, தொட்டால் இருக்கிறது, உணர்ச்சி இல்லை. வந்த சனத்துக்குக் கோப்பி ஊற்றினேன். தேவாரம் பாடினேன், குரல் கூடப் பிசகவில்லை. மின்சார அடுப்பின் கதவு மூடியதும், திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார் ஐயர். எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் போனோம். வந்த வாசலால்தான் வெளியேறினோம். வேறு வாசல் இருந்ததா என்று நான் பார்க்கவுமில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஏன் தட்டினவர்?" என்று கேட்டாள்.

"உதவிக்குக் கூப்பிட்டிருப்பார் அக்கா."

"உதவி வேணுமெண்டால் முதுகுக்குப் பின்னாலை வீடு இருக்கு. நாலடி நடந்தால் கதவு. போய்த் தட்டினவரோ? இல்லை. இரும்பிலை தட்டினவர். என்னிலை இருந்த கோபம். வராதேங்கோ எண்டு நான் சொன்னனான். சரி, வரேல்லை எண்டு அங்கை இருந்து செத்தவர்."

"விசர்க் கதை கதையாதையுங்கோ."

"அப்ப வேறை என்ன எண்டு நீ சொல்லு."

அதற்குப் பிறகு அக்கா அவரைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டாள். வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். சமைத்தாள், பிள்ளையைக் கூட்டி வந்தாள், ஒரே தெருவால் போய் ஒரே தெருவால் வந்தாள். தட்டத்தில் சோற்றைப் போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உடம்பு பாதியாகிவிட்டது. இப்படியே போனால் அத்தானுக்குப் பின்னாலேயே போய்விடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்தது. பயத்தை மட்டும் எப்படியோ உணர முடிந்தது.

இந்த வசந்தகாலத்தில் ஜெர்மனியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கலியாண வீடு. நான் போக வெளிக்கிட்டபோது அக்கா விமான நிலையத்துக்கு வந்து, யாரும் கேட்காத நேரம் பார்த்து, "அந்த ஹொலண்ட் ஊர் அங்கையிருந்து கிட்டத்தானாம். ஒருக்காப் போய்ப் பாத்துக்கொண்டு வா," என்றாள்.

"என்னத்தைப் பாக்க?"

"தெரியாது. பார்."

கலியாண வீடு முடிந்து, மிஞ்சிய பலகாரத்தைப் பையில் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். மாறி மாறி ஏறி ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினேன். இறங்கியது நான் ஒருத்தி மட்டும். செங்கல் பாவிய தெரு இருந்தது. திரைச்சீலை போடாத ஜன்னல்கள், உள்ளே பூச்சாடிகள், ஒரு பூனை. தேவாலயக் கோபுரம் இருந்தது, கொஞ்சம் சரிந்திருந்தது. சைக்கிளில் போன பிள்ளைகள் மணி அடித்தார்கள். முகாம் இருந்த இடத்தில் புதிதாக வீடுகள் கட்டியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தான் சொன்ன சாமான்கள் எல்லாம் கடையில் அடுக்கியது போல இருக்கின்றன, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஊரை வலது கைப்பக்கம் வைத்து நடந்தேன். உண்மைதான், சனம் எல்லாம் எதிரே வந்தது. கைத்தடியோடு ஒரு தம்பதி, நாயோடு ஒருவன், ஓடிக்கொண்டு ஒரு பெட்டை. எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். படலை வந்தது. திறந்து, உள்ளே போய், சாத்தினேன். செம்மறிகள் குட்டிகளோடு படுத்திருந்தன. ஒன்று எழும்பி என்னைப் பார்த்துவிட்டு மூத்திரம் பெய்தது. எங்கும் தட்டைப் பூமி. வாய்க்கால், வயல், வாய்க்கால், வயல். எரு மணம். தண்ணீர் நிலத்தைவிட உயரத்தில் நின்றது, அதை அணைக்கட்டு பிடித்துக்கொண்டிருந்தது. அணையில் ஏறினால் காற்று முகத்தில் அடித்தது. கலியாண வீட்டுப் பயித்தம் பணியாரம் ஒன்றைக் கடித்துக்கொண்டே நடந்தேன். கால் நடந்தது, வாய் தின்றது. மனம் எங்கேயோ பூட்டிக் கிடந்தது.

அணை இறங்கி ஆற்றங்கரையில் போய் முடிந்தது. வழி அவ்வளவுதான். முன்னால் ஆறு, அங்கால் கரையில் ஒரு வீடும் ஒரு சின்னத் தோணியும். இங்கே உட்கார ஒரு மர வாங்கு. பக்கத்தில் கம்பத்தில் தண்டவாளத் துண்டு மாதிரி ஒரு இரும்பு சங்கிலியில் தொங்கியது. பலகையில் ஏதோ எழுதியிருந்தது, எனக்குப் புரியவில்லை. தோணிக்காரனைக் காணவில்லை. சரி, இன்றைக்கு ஓடவில்லைப் போல, வந்த வழியால் திரும்புவோம் என்று நான் திரும்பிவிட்டேன்.

அப்போது ஒரு நடுத்தர வயதுப் பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கம்பத்தின் அடியில் குனிந்து ஒரு உருண்டைக் கல்லை எடுத்தாள். அதால் இரும்பில் தட்டினாள். டொங், டொங், டொங். நிறுத்தினாள். அங்கால் கரையில் ஒன்றும் அசையவில்லை. திரும்பவும் தட்டினாள். பிறகு கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாங்கில் போய் இருந்து, ஆற்றைப் பார்த்தாள்.

நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வருவாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"வருவார். கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். சில நேரம் செல்லும். இருங்கள்," என்று பக்கத்தில் இடம் காட்டினாள்.

"வராவிட்டால்?"

அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "தட்டினால் வருவார்," என்றாள். "என் அம்மா காலத்திலிருந்து இப்படித்தான்."

நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். வாங்கு ஈரமாக இருந்தது. காற்றுக்குக் கை விறைத்தது, பையில் வைக்கவும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக் கதவு திறந்தது. ஒரு கிழவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தான். அவசரம் இல்லாமல் தோணியை அவிழ்த்தான். அது எங்களை நோக்கி வரத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க, என் கன்னத்தில், தொண்டையில், நெஞ்சில் எல்லாம் சூடு ஏறி நோகத் தொடங்கியது. பிள்ளை அன்றைக்குக் கத்தியது போல எனக்கும் கத்த வேண்டும் போல இருந்தது. பக்கத்திலிருந்த பெண் என் முதுகில் கையை வைத்தாள்.

தோணிக்காரன் என் கையைப் பிடித்து ஏற்றினான். போய்வரவோ, ஒரு பக்கம் மட்டுமோ என்று கேட்டான். ஒரு பக்கம் என்றேன். தோணி கரையை விட்டதும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை. பின்னால் பிள்ளை கார்தெரிக்குப் போகமாட்டேன் என்று பிரெஞ்சில் சிணுங்குவது கேட்டது.

"அக்கா, அத்தான் கோபத்திலை தட்டேல்லை."

அவள் கதிரையை இழுத்து உட்காருவது கேட்டது.

"இஞ்ச ஆத்தங்கரையிலை ஒரு இரும்பு தொங்குது. கல்லாலை அதிலை தட்டிப்போட்டு வாங்கிலை இருந்தால் அங்காலையிருந்து தோணி வரும். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம். அவர் தோணியைக் கூப்பிட்டவர் அக்கா. சாக இருக்கிற ஆள் தோணியைக் கூப்பிடுமோ? சுத்தை முடிச்சுப்போட்டு வீட்டை வரத்தான் இருந்தவர்."

பிள்ளையின் சிணுங்கல் மட்டும் கேட்டது. பிறகு அக்கா, "தோணி வந்ததோ?" என்றாள்.

"ஓம். வந்தது. நான் அதிலைதான் நிக்கிறன்."

"வந்ததோ," என்று திரும்பவும் சொன்னாள். மூச்சை இழுப்பது கேட்டது. "நான் வராதேங்கோ எண்டு சொன்னனான். அப்பிடிச் சொல்லியும் அந்த மனுசன் வர வெளிக்கிட்டிருக்கு."

"ஓம் அக்கா."

அவள் அழத் தொடங்கினாள். செத்த வீட்டிலும் அவள் அப்படி அழவில்லை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன், எனக்கும் முகமெல்லாம் ஈரம். தோணி அங்கால் கரையில் முட்டி நின்றது. மொட்டை வெட்டின மரங்கள் வரிசையாகத் தெரிந்தன. இன்னும் அரைச் சுற்று இருந்தது. கிழவன் என்னை இறக்கிவிடக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் இறங்கப் போறன். பேந்து எடுக்கிறன்."

"இஞ்சை பார்," என்று அவசரமாகச் சொன்னாள் அக்கா. "வந்த வழியாலை திரும்பிப் போயிடாதை. முழுக்கச் சுத்திப்போட்டு வா."